ஒன்றைச் சொன்னார், ஒன்றைக் காத்தார்: மார்ட்டி மேனின் இரண்டு ரகசியங்கள்

இன்னைக்கு ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘குடிகாரன்’. இதைக் கேட்டதும் உங்க மனசுல ஒரு உருவம் வந்திருக்கும். மடிச்சுக் கட்டின லுங்கி, கலைஞ்ச தலை, டாஸ்மாக் வாசல். சரி, இப்போ இதுக்குப் பெண்பால் சொல்லுங்க. ‘குடிகாரி’. இலக்கணப்படி சரிதான். ஆனா கடைசியா எப்போ அந்தச் சொல்லைக் காதால கேட்டீங்க? சினிமாவுல, பட்டிமன்றத்துல, மேடைப் பேச்சுல, எங்க பார்த்தாலும் குடிக்கிறவர் ஆண், பக்கத்துல அழுதுட்டு இருக்கிறவர் பெண்.

இப்போ நம்ம பத்திரிகைகள்லயும் டாக்டர்கள் பேச்சுலயும் இன்னொரு சொல் வருது: ‘குடிநோயாளி’. இதுல ஆண்பாலும் இல்ல, பெண்பாலும் இல்ல. வசவும் இல்ல. குடியை விட முடியாம தவிக்கிறவர் கெட்டவர் இல்ல, அவருக்கு ஒரு நோய் இருக்கு, அதுக்கு வைத்தியம் உண்டு. இந்த யோசனையைப் பொதுமக்கள்கிட்ட கொண்டுபோய்ச் சேர்த்ததுல பெரிய பங்கு அமெரிக்காவுல வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு இருக்கு. அவர் பேர் மார்ட்டி மேன்.

அவரும் ஒரு குடிநோயாளிதான். 1944-ல் அதைத் தன் சொந்தப் பேரோட ஊரறியச் சொன்னார். அவருக்கு இன்னொரு ரகசியமும் இருந்தது. அவர் லெஸ்பியன். பல வருஷம் ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்ந்தார். இதை மட்டும் அவர் சாகும்வரை எந்த மேடையிலும் சொல்லவில்லை.

ஏன் ஒன்றைச் சொல்ல முடிந்தது, இன்னொன்றை முடியவில்லை? இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான். நடுவுல தற்கொலை முயற்சி பத்தி ஒரு வரி வரும். முன்கூட்டியே சொல்லிடறேன்.

சிகாகோ, லண்டன், நியூயார்க்

மார்கரெட் மேன், சுருக்கமாக மார்ட்டி, 1904-ல் சிகாகோவில் பிறந்தார். வசதியான குடும்பம். நல்ல பள்ளிகள், வெளிநாட்டுப் பயணம் என்று வளர்ந்தார். பதினான்கு வயதில் காசநோய் வந்து சானடோரியத்தில் இருக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து தேறி வந்தார். இருபதுகளில் கல்யாணம் ஆனது. கணவரும் பெருங்குடிகாரர். சீக்கிரமே விவாகரத்து. பிறகு அப்பாவின் சொத்தும் கரைந்துபோனது.

வேலைக்குப் போனார். கெட்டிக்காரர், பேச்சில் வல்லவர். 1930-ல் லண்டன் போய், பார்பரா கெர்-சீமர் என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து ஸ்டூடியோ தொழிலில் இறங்கினார். லண்டனின் கலைஞர்கள், எழுத்தாளர்கள் கூட்டத்தில் அவருக்கு இடம் இருந்தது. அங்கே பெண்ணைக் காதலிக்கும் பெண் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குடியையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை. ‘மார்ட்டிக்கு எவ்வளவு குடிச்சாலும் ஏறாது’ என்பது பெருமையான விஷயமாகத்தான் இருந்தது.

இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. எவ்வளவு குடிச்சாலும் நிதானமா நிக்கிறது ஒரு திறமை மாதிரி தெரியும். உடம்பு அந்த அளவுக்குப் பழகிடுச்சுங்கிறதுக்கான அடையாளம் அது. அன்னைக்கு அவருக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்ல.

சில வருடங்களில் கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிற்க முடியும் என்ற நிலை. ஒரு பால்கனியிலிருந்து கீழே விழுந்து, தாடையும் காலும் உடைந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாக முயன்றதும் நடந்தது. 1936 கடைசியில் அமெரிக்கா திரும்பியபோது கையில் காசும் இல்லை, வேலையும் இல்லை.

டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். பெரும்பாலானவர்கள் கைவிரித்தார்கள். கடைசியில் கனெக்டிகட் மாநிலத்தில் பிளைத்வுட் என்ற மனநல மருத்துவமனை அவரை இலவசமாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே ஹாரி டீபோ என்ற மனநல மருத்துவர் இருந்தார். 1939 தொடக்கத்தில் அவர் மார்ட்டியிடம் ஒரு கட்டுத் தாள்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இன்னும் அச்சாகாத ஒரு புத்தகத்தின் பிரதி. பேர் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’.

‘நூறு ஆண்கள்’

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏ.ஏ. என்று சொல்வார்கள். பேர் தெரியாத குடிநோயாளிகள் என்று அர்த்தம். 1935-ல் பில் வில்சன் என்ற பங்குச்சந்தை ஆளும், பாப் ஸ்மித் என்ற டாக்டரும் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊரில் சந்தித்ததில் இது பிறந்தது. இரண்டு பேருமே குடியில் மூழ்கியவர்கள். ஒரு குடிநோயாளிக்கு இன்னொரு குடிநோயாளி சொன்னால்தான் ஏறும் என்பது அவர்கள் கண்டுபிடித்தது. டாக்டர் சொன்னால் அட்வைஸ், பொண்டாட்டி சொன்னால் சண்டை, அதே நரகத்திலிருந்து வந்தவன் சொன்னால் காது கேட்கும்.

1939 ஏப்ரலில் வெளிவந்த அந்தப் புத்தகத்துக்கு முதலில் யோசித்த தலைப்புகளில் ஒன்று ‘நூறு ஆண்கள்’. அப்போது குழுவில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃப்ளோரன்ஸ் என்ற ஒரு பெண், ‘அப்போ நான் யாரு?’ என்கிற விதத்தில் எதிர்ப்புச் சொன்னார். தலைப்பு மாறியது. ஃப்ளோரன்ஸின் கதை முதல் பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் அவர் பிறகு மறுபடி குடியில் விழுந்து இறந்துபோனார்.

அதே புத்தகத்தில் மனைவிமார்களுக்கு என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. குடிக்கிற கணவனிடம் பொறுமையாக எப்படி நடந்துகொள்வது என்று மனைவிகளே மனைவிகளுக்குச் சொல்வதுபோல் எழுதப்பட்டது. எழுதியது யார் தெரியுமா? பில் வில்சன். அவர் மனைவி லோயிஸுக்கு அதைத் தான் எழுத வேண்டும் என்று ஆசை இருந்தது. கொடுக்கவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மனைவி குடித்தால் என்ன செய்வது என்று கணவனுக்குச் சொல்லித்தர அத்தியாயமே கிடையாது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மார்ட்டி போனார். 1939 ஏப்ரலில், புரூக்ளினில் கிளின்டன் தெரு 182-ம் எண் வீட்டில், பில், லோயிஸ் வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டம். அறை நிறைய ஆண்கள். முதலில் மாடிக்குப் போய் ஒளிந்துகொண்டார். பிறகு இறங்கி வந்தார். அங்கே இருந்தவர்கள் சொன்ன கதைகள் தன் கதைதான் என்று அவருக்குப் புரிந்தது. ஆரம்பத்தில் சில சறுக்கல்கள் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தார். ஏ.ஏ.வில் நீண்டகாலம் குடியை விட்டு நிலைத்த முதல் பெண்களில் ஒருவர் ஆனார்.

1944: சொந்தப் பேரில்

குடியை விட்டதோடு அவர் நிற்கவில்லை. காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் சங்கங்கள் இருந்தன. மக்களிடம் போய் ‘இது நோய், பயப்படாதீங்க, மறைக்காதீங்க’ என்று சொன்னார்கள். சின்ன வயதில் காசநோயோடு சானடோரியத்தில் இருந்தவர் மார்ட்டி. அந்த நோயாளியை யாரும் கேவலமாகப் பார்க்கவில்லை, குடிநோயாளியை மட்டும் ஏன் பார்க்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

1944 அக்டோபரில், யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களின் ஆதரவோடு, குடிநோய் பற்றிய கல்விக்கான தேசியக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் அது தேசியக் குடிநோய்க் கவுன்சில் ஆனது. அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது மூன்றே விஷயம். குடிநோய் ஒரு நோய், அது வந்தவர் நோயாளி. அவருக்கு உதவ முடியும், அவர் உதவத் தகுந்தவர். இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை, அதனால் பொறுப்பும் பொதுவானது.

இன்னைக்குக் கேட்டா சாதாரணமா இருக்கு. அன்னைக்கு ஒரு பெண் மேடையேறி ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று சொல்வது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. குடிக்கிற ஆணைப் பார்த்துச் சிரிக்கலாம், பரிதாபப்படலாம். குடிக்கிற பெண்ணுக்கு ஒழுக்கம் கெட்டவள், தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்ற பட்டம் தயாராக இருந்தது.

அவரால் எப்படி முடிந்தது? தைரியம் உண்மைதான், அதோடு வேறு சிலவும் இருந்தன. அவர் வெள்ளைக்காரர். மேல்தட்டுப் பேச்சு, நல்ல உடை, கம்பீரம். இன்னொன்று, அவர் தன்னை எப்போதும் ‘மிஸஸ்’ மார்ட்டி மேன் என்றே சொல்லிக்கொண்டார். விவாகரத்து ஆகி எவ்வளவோ வருடம் ஆகிவிட்டது, பேரில் இருப்பது அப்பா வீட்டுக் குடும்பப் பேர். இருந்தாலும் அந்த ‘மிஸஸ்’ ஒரு கவசம். அவரைப் பார்த்தவர்கள் ஒரு கௌரவமான குடும்பப் பெண்ணைப் பார்த்தார்கள். வீட்டில் அவரோடு வாழ்ந்தவர் ‘வோக்’ பத்திரிகையின் கலை இயக்குநர் பிரிசில்லா பெக் என்பது நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஒதுக்கி வைத்த 15 தாள்கள்

இங்கே ஒரு சின்ன சம்பவம். பலருக்குத் தெரியாது.

மார்ட்டிக்குத் துணைநின்ற யேல் ஆராய்ச்சியாளர்களில் முக்கியமானவர் ஜெல்லினெக். குடிநோய் எப்படிப் படிப்படியாக முற்றுகிறது என்று வரைபடம் போட்டவர். இன்றும் பல மறுவாழ்வு மையங்களின் சுவரில் அவர் பெயரில் தொங்குகிற அந்த வளைகோட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் படிநிலைகளுக்கு அடிப்படையாக இருந்தது 1946-ல் அவர் வெளியிட்ட ஆய்வு. ஏ.ஏ.வின் பத்திரிகை மூலமாக உறுப்பினர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். திரும்பி வந்தவை 158. அதில் அவர் எடுத்துக்கொண்டது 98. எல்லாம் ஆண்களுடையவை.

பெண்கள் நிரப்பி அனுப்பியவை 15 இருந்தன. எண்ணிக்கை குறைவு, ஆண்களின் பதில்களோடு ரொம்பவும் ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கி வைத்தார். ஆராய்ச்சி முறைப்படி அதுக்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆனா அந்த வித்தியாசம்தான் ஆராய வேண்டிய விஷயம்னு அன்னைக்கு யாருக்கும் தோணலை. ஒரு பெண் ஊர் ஊராகப் போய் ‘இது நோய்’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த நோயின் வரைபடம் ஆண் உடம்பை வைத்து மட்டும் வரையப்பட்டது.

பிறகு பல பத்தாண்டுகள் கழித்து மருத்துவம் தெரிந்துகொண்டது இது: பெண் உடம்பில் நீரின் அளவு ஒப்பிட்டால் குறைவு. அதனால் அதே அளவு மது ரத்தத்தில் அதிகச் செறிவாக நிற்கும். முதல் கோப்பையிலிருந்து அடிமையாகும் நிலைவரை, கல்லீரல் கெடும்வரை, பெண்கள் ஆண்களைவிடக் குறுகிய காலத்தில் போய்ச் சேர்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே 1993-ல்தான் வந்தது. அந்த 15 தாள்களுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவே 47 வருடம்.

ஒரே பெட்டியில் இரண்டு பேர்

இப்போ இரண்டாவது ரகசியத்துக்கு வருவோம்.

1952-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் முதல் நோய்ப் பட்டியலை வெளியிட்டது. மனநோய்களுக்கு எல்லாம் பேரும் எண்ணும் கொடுத்த புத்தகம். அதில் சமூகத்துக்கு ஒவ்வாத ஆளுமைக் கோளாறு என்று ஒரு தலைப்பு. அதன் கீழே என்னென்ன வருகிறது பாருங்கள். ஒன்று, பாலியல் பிறழ்வு, ஒருபால் ஈர்ப்பு அதில் சேர்த்தி. அதற்கு அடுத்தது போதை அடிமைத்தனம், குடியும் சேர்த்து. இரண்டும் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்து எண்களில்.

அடுத்த வருடம், 1953-ல், அதிபர் ஐசனோவர் 10450-ம் எண் ஆணையைப் பிறப்பித்தார். மத்திய அரசு வேலைக்கு யார் யார் ஆகாது என்று சொல்கிற ஆணை. அளவுக்கு மீறிய குடிப்பழக்கம், போதை அடிமைத்தனம், பாலியல் முறைகேடு என்று ஒரே வாக்கியத்தில் மூன்றும் வரும். ‘முறைகேடு’ என்று அதில் சொன்னது தன்பாலீர்ப்பாளர்களை. அந்த ஒரு வாக்கியத்தால் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள்.

அதாவது மார்ட்டி மேனின் இரண்டு ரகசியங்களும் ஒரே வரியில் குற்றமாக நின்றன.

குடியை ‘நோய்’ என்று அழைப்பது அன்று விடுதலை. பாவம், கெட்ட பழக்கம், மன உறுதி இல்லாமை என்ற பேச்சிலிருந்து தப்பிக்கும் வழி. 1956-ல் அமெரிக்க மருத்துவர் சங்கமும் குடியை நோய் என்று ஏற்றபோது, ஆஸ்பத்திரிக் கதவுகள் குடிநோயாளிகளுக்குக் கொஞ்சம் திறந்தன. ஆனால் ஒருபால் ஈர்ப்பை ‘நோய்’ என்று அழைத்தபோது நடந்தது தலைகீழ். அந்தப் பேரால்தான் பலரை மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே சொல். ஒரு ரகசியத்துக்குச் சாவி, இன்னொன்றுக்குப் பூட்டு.

இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால்? ஃப்ராய்டின் சீடர் கார்ல் ஆப்ரகாம் 1908-லேயே குடிக்கும் மறைந்திருக்கும் ஒருபால் ஈர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்று எழுதியிருந்தார். அந்தக் கருத்து பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் மத்தியில் ஓடியது. குடியை விட உதவி கேட்டு வந்த ஓரினச்சேர்க்கையாளருக்கு, குடிக்கு வைத்தியம் பார்க்காமல் அவர் காதலுக்கு வைத்தியம் பார்த்தார்கள். உதவி கேட்கப் போனாலே இன்னொரு ரகசியமும் மாட்டிக்கொள்ளும். அதுக்கு உதவியே கேட்காம இருந்துடலாம்னு பலர் முடிவெடுத்ததுல என்ன ஆச்சரியம்?

மார்ட்டி 1955-ல் ஏ.ஏ. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் தன் கதையை எழுதினார். பெண்களும் இந்த நோயில் துன்பப்படுகிறார்கள் என்பதுதான் அதன் தலைப்பு. அதில் கல்யாணம் வருகிறது, விவாகரத்து வருகிறது. அவர் காதலித்த பெண்கள் வரவில்லை. அவர் வாயைத் திறந்திருந்தால், குடிநோயாளிகளுக்காகக் கட்டிய அமைப்பு மொத்தமும் ஒரே நாளில் சரிந்திருக்கும். ‘பாத்தீங்களா, குடிக்கிற பொம்பளைன்னா அப்படித்தான்’ என்று சொல்லக் காத்திருந்த ஊர் அது.

சமையலறையும் பாரும்

பெண்களும் பால் சிறுபான்மையினரும் எங்கே உட்கார்ந்து குடித்தார்கள் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் விளங்கும்.

பெண்கள் பெரும்பாலும் வீட்டுக்குள். நியூயார்க்கின் பழைய மெக்சார்லீஸ் பாரில் 1970 வரைக்கும் பெண்களுக்கு அனுமதி கிடையாது, வழக்குப் போட்டுத்தான் கதவைத் திறக்க வைத்தார்கள். வீட்டுக்குள் குடிப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்த்தாலும் குடும்பமே மூடி மறைக்கும்.

அதோடு பெண்களுக்கு இன்னொரு வழி இருந்தது: டாக்டர் சீட்டு. இது புதுசு இல்லை. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அபினுக்கு அடிமையானவர்களில் பெரும்பான்மை பெண்கள்தான். மாதவிடாய் வலிக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’க்கும் டாக்டர்களே அபின் கலந்த மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். 1955-ல் மில்டவுன் என்ற மனஅமைதி மாத்திரை வந்தது. 1963-ல் வேலியம். 1970களில் அந்த நாட்டிலேயே அதிகமாக எழுதித் தரப்பட்ட மருந்து வேலியம்தான். ஆண்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெண்களுக்கு இந்த வகை மாத்திரைகள் போயின. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணின் மூச்சுமுட்டலுக்குச் சமூகம் கொடுத்த பதில் ஒரு மாத்திரை.

தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்கும் நிலைமை வேறு. வீட்டில் உண்மையாக இருக்க முடியாது, அலுவலகத்தில் முடியாது, தேவாலயத்தில் முடியாது. தங்களைப்போல் இன்னொருவரைப் பார்க்க இருந்த ஒரே பொது இடம் பார். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர்கள் கூடினாலே நியூயார்க்கில் மதுக்கடையின் உரிமத்துக்கு ஆபத்து. 1966 ஏப்ரலில் சிலர் ஜூலியஸ் என்ற பாருக்குப் போய், ‘நாங்க ஓரினச்சேர்க்கையாளர்கள், எங்களுக்கு மது கொடுங்க’ என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். பரிமாறுபவர் மறுத்தார். அது ஒரு போராட்டமாகவே நடத்தப்பட்டது. மது கேட்பது குடியுரிமைப் போராட்டமாக ஆன நாள் அது. 1969-ல் போலீஸை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்த ஸ்டோன்வால் இன் கூட மாஃபியா நடத்திய, தண்ணீர் கலந்த சரக்கு விற்ற ஒரு பார்தான்.

இதுல இருக்கிற சிக்கலைப் பாருங்க. கூடுவதற்கு ஒரே இடம், அந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் ஒரு கோப்பை. குடியை விடணும்னா நண்பர்களையும் காதலையும், ‘நான் யாரு’ங்கிறதையும் சேர்த்து விட வேண்டியிருக்கும். மதுக் கம்பெனிகளும் இந்த நிலைமையைப் புரிந்துகொண்டன. மற்ற கம்பெனிகள் தயங்கிய 1981-லேயே அப்சல்யூட் வோட்கா ‘தி அட்வகேட்’ என்ற தன்பாலீர்ப்பாளர் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க ஆரம்பித்தது. உங்களை முதலில் மதித்தது மதுக்கடை என்றால், அதைத் திட்ட உங்களுக்கு வாய் வருமா?

கதவு திறந்திருந்தது, நாற்காலி இல்லை

ஏ.ஏ. என்ன செய்தது? 1937-ல் ஒரு ஆள் ஆக்ரனுக்கு வந்து, குடியைவிடக் கேவலமாகப் பார்க்கப்படும் இன்னொரு விஷயமும் தன்னிடம் இருக்கிறது, சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டார். பில் வில்சன் பிற்காலத்தில் அது ஒருபால் ஈர்ப்புதான் என்று சொன்னார். கூடிப் பேசினார்கள், சேர்த்துக்கொண்டார்கள். 1945-ல் நியூயார்க்கில் இன்னொருவர். கறுப்பினத்தவர், சிறையிலிருந்து வந்தவர், தலைமுடிக்கு வெளிர்நிறம் பூசி, பெண்போல் அலங்காரம் செய்துகொண்டவர். உறுப்பினர்கள் திகைத்துப்போய் பில்லுக்குப் போன் போட்டார்கள். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: குடிப்பவரா? ஆமாம். அப்போ வேறு கேள்விக்கு இடமில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும் என்ற விதி இப்படி உறுதிப்பட்டதாகப் பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள்.

நல்ல கதை. பெருமைப்படத் தகுந்த கதை. ஆனால் அந்த 1945-ம் வருடத்து ஆள் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். பிறகு என்ன ஆனார் என்று கதை சொல்பவர்களுக்கும் தெரியாது. உள்ளே விடுவதற்கு விதி இருந்தது. உள்ளே வந்தவர் தன் கதையை முழுசாகச் சொல்ல இடம் இருந்ததா? ஏ.ஏ. கூட்டத்தின் உயிரே உண்மை பேசுவதில் இருக்கிறது. காதலியைக் காதலன் என்று மாற்றிச் சொல்லி, பாதி உண்மையில் ஒருவர் எப்படிக் குணமாவார்?

இதற்குப் பதில் அந்த மக்களிடமிருந்தே வந்தது. 1960களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று ஏ.ஏ. கூட்டங்கள் தொடங்கின. ஏ.ஏ.வின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சூடான விவாதம் நடந்து, 1974-ல் சேர்க்கலாம் என்று முடிவானது. அதற்கு முந்தைய வருடம்தான் மனநல மருத்துவர் சங்கம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. பூட்டாக இருந்த சொல்லை எடுத்த பிறகே இவர்களால் சாவியாக இருந்த சொல்லைப் பயன்படுத்த முடிந்தது.

1974-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பிரெண்டா வெதர்ஸ் என்ற செயற்பாட்டாளர் முன்நின்று பெண்களுக்கான குடிநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். லெஸ்பியன் பெண்களை மனதில் வைத்து உருவான முதல் மையங்களில் அது ஒன்று. பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? குடிநோய்க்கான மத்திய அரசு நிறுவனத்திடமிருந்து. அந்த நிறுவனம் பிறந்தது 1970-ல் வந்த சட்டத்தால். அந்தச் சட்டத்துக்காக 1969-ல் செனட் விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் ஒருவர், மிஸஸ் மார்ட்டி மேன். அவர் மேடையில் சொல்லாமல் விட்டது, அவர் கட்டிய பாதை வழியாகவே வேறு பெண்களிடம் போய்ச் சேர்ந்தது.

1975-ல் ஜீன் கிர்க்பாட்ரிக் பெண்களுக்கென்றே ஒரு மீட்சி அமைப்பைத் தொடங்கினார். ஏ.ஏ. முதலில் சொல்லித்தருவது அகந்தையை விடு, நீ சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள் என்பது. வாழ்நாள் முழுக்க ‘உனக்கு ஒன்னும் தெரியாது’ என்று கேட்டே வளர்ந்த பெண்ணுக்கு விட அகந்தை எங்கே இருக்கிறது, அவளுக்குத் தேவை தன்னம்பிக்கை என்பது அவர் வாதம். 1978-ல் முன்னாள் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு, மாத்திரைக்கும் மதுவுக்கும் தான் அடிமை என்று வெளியே சொன்னார். வீட்டுக்குள் ஒளிந்திருந்த நோய்க்கு ஒரு முகம் கிடைத்தது.

மீதியைச் சொன்னது யார்

1976-ல் மார்ட்டியின் அமைப்பு வாஷிங்டனில் ஒரு கூட்டம் நடத்தியது. 52 பிரபலங்கள் ஒரே நாளில் ‘நான் குடிநோயிலிருந்து மீண்டவர்’ என்று எழுந்து நின்றார்கள். நிலவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் அதில் ஒருவர். 1944-ல் ஒரு பெண் ஏறக்குறையத் தனியாகச் சொன்ன வாக்கியத்தை 32 வருடம் கழித்து 52 பேர் சொன்னார்கள்.

1980-ல், 75-வது வயதில், மார்ட்டி இறந்தார். பிரிசில்லா பற்றிய உண்மை 2001-ல் வெளிவந்த அவர் வாழ்க்கை வரலாற்றின் மூலமாகத்தான் பலருக்கும் தெரிந்தது.

அவர் சொல்லாமல் இருந்தது கோழைத்தனமா? எனக்கு அப்படித் தோணலை. எதைச் சொன்னால் பிழைக்கலாம், எதைச் சொன்னால் அழிந்துபோவோம் என்ற கணக்கை அவர் தினமும் போட்டிருப்பார். அந்தக் கணக்கைப் போட வைத்தது அவர் காலம்.

இன்னைக்கும் அமெரிக்க ஆய்வுகள்ல பால் சிறுபான்மையினர்கிட்ட போதைப் பழக்கம் மத்தவங்களைவிட அதிகம்னுதான் வருது. ‘அவங்களே அப்படித்தான்’னு அதைப் படிக்கிறவங்க இருக்காங்க. ஒரு ஆளை இருபத்திநாலு மணி நேரமும் ஒளிஞ்சு வாழ வெச்சா அந்த மன அழுத்தம் உடம்பை என்ன பண்ணும்னு படிக்கிறதுதான் சரி. இதே கணக்கை நம்ம ஊர்லயும் யாரோ போட்டுட்டு இருப்பாங்க. ஹாஸ்டல் ரூம்ல தனியா குடிக்கிற தோழி, ‘டாக்டர்கிட்ட போனா வீட்டுக்குத் தெரிஞ்சிடும்’னு பயப்படுற நண்பர், மையத்துக்குப் போனா ஆண்கள் வார்டா பெண்கள் வார்டான்னு கேட்பாங்களேன்னு தயங்கற திருநங்கை.

அவங்க உங்ககிட்ட பாதியைச் சொன்னா, பாதியை மட்டும் கேட்டுக்கோங்க. மீதியைத் தோண்டாதீங்க. ஆனா மீதியைச் சொன்னாலும் நீங்க எழுந்து போகமாட்டீங்கன்னு அவங்களுக்குத் தெரியற மாதிரி உட்காருங்க.

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கோ உதவி தேவைன்னா, போதைப் பழக்கம் சம்பந்தமா 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டுமே இலவசம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.